சிரிக்க வைத்துச் சம்மதம் வாங்கிய படங்கள்

மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறவர்கள், ஏகாதிபத்தியம் என்ற பாடம் வந்ததும் கையில் எடுக்கிற படம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆபிரிக்காக் கண்டத்தின் மேல் ஒரு வெள்ளைக்காரர் காலை அகட்டி நிற்கிறார். ஒரு சப்பாத்து கெய்ரோவில், மற்றது கேப் டவுனில். இரண்டு கைகளையும் விரித்துத் தந்திக் கம்பியைப் பிடித்திருக்கிறார். தோளில் துவக்கு தொங்குகிறது. அவர் செசில் றோட்ஸ். வைரச் சுரங்கத்தில் பணம் சேர்த்து, தென்னாபிரிக்காவின் கேப் குடியேற்றத்துக்குப் பிரதமரும் ஆனவர். கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை தந்தி இழுப்பேன் என்று அவர் அறிவித்த கையோடு, எட்வேர்ட் லின்லி சாம்போர்ன் இந்தப் படத்தை வரைந்தார். லண்டன் ‘பஞ்ச்’ சஞ்சிகையில் 1892 டிசம்பர் 10ஆம் திகதி வெளிவந்தது.

பிள்ளைகளிடம் ‘இது என்ன சொல்கிறது?’ என்று கேட்டால், ‘வெள்ளைக்காரனின் ஆணவம்’ என்று உடனே பதில் வரும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் வெளிவந்த காலத்தில் இந்தப் படத்தை எல்லோரும் அப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. றோட்ஸைப் பிடிக்காதவர்கள் ‘ஆளுக்குத் தலைக்கனம்’ என்று சிரித்திருக்கலாம். பிடித்தவர்கள் ‘இவரல்லவா மனுசன்’ என்று வெட்டி ஒட்டி வைத்திருக்கலாம். படம் இரண்டு பேருக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் இரண்டு பேரும் பார்த்தது ஒரு பூதாகாரமான மனிதரை. அவருடைய காலுக்குக் கீழே இருக்கிற ஆபிரிக்காவில் ஓர் ஊர் இல்லை, ஒரு மனிசர் இல்லை. வெறும் வரைபடம். கேலி செய்தவர்கூட அந்த வெறுமையை ஒப்புக்கொண்டுதான் சிரித்தார். பிரசாரம் என்று நான் சொல்வது அந்த இடத்தைத்தான். படத்தின் வேலை றோட்ஸைப் புகழ்வதோடு முடியவில்லை. கண்டம் முழுவதும் ஆளில்லாத வளவு என்பதை யாரும் வாதாடாமலே நம்பவைத்தது.

சரி, இதெல்லாம் யாருக்காக வரையப்பட்டது? நாம் அடிக்கடி தவறவிடுகிற கேள்வி இது. பிடிபட்ட நாட்டுக்காரரை மிரட்டவோ மயக்கவோ இந்தப் படங்கள் வரையப்படவில்லை. அவை லண்டனிலும் மான்செஸ்டரிலும் காலைத் தேநீரோடு சஞ்சிகை புரட்டுகிறவருக்கானவை. கப்பலுக்கும் படைக்கும் காசு அவருடைய வரியிலிருந்து போகிறது. அதை அனுமதிக்கிற நாடாளுமன்றத்துக்கு அவர்தான் வாக்குப் போடுகிறார். 1867இலும் 1884இலும் பிரித்தானியாவில் வாக்குரிமை விரிந்து, தொழிலாளர்களில் பெருந்தொகையினரும் வாக்காளர் ஆனார்கள். தூர தேசத்துச் சண்டைக்கு அவர்களுடைய சம்மதம் வேண்டியிருந்தது. நீண்ட கட்டுரையை எல்லோரும் படிக்க மாட்டார்கள். படத்தைப் படிக்காமல் யாரும் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள்.

படம் உண்டாகிற விதமும் இதற்கு ஒத்துவந்தது. பஞ்ச் ஆசிரியர் குழு புதன்கிழமை தோறும் இராச் சாப்பாட்டுக்குக் கூடும். சாப்பிட்டு, குடித்து, வாதாடி, அந்த வாரத்தின் பெரிய படம் எதைப் பற்றியது என்று அங்கேயே முடிவெடுப்பார்கள். ஜோன் டெனியல் அதை வரைவார். ஜோசப் ஸ்வெயினின் பட்டறையில் அது மரக்கட்டையில் செதுக்கப்படும். ஒரு கலைஞரின் தனிக் கோபம் என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு சாப்பாட்டு மேசையின் பொது அபிப்பிராயம். டெனியல் ஐம்பது ஆண்டுகள் இப்படி வரைந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்கள் கொடுத்தார். 1893இல் அவருக்கு ‘சேர்’ பட்டமும் கிடைத்தது. கேலிக்காரருக்கு அரசு பட்டம் கொடுத்தால், அந்தக் கேலி யாரைக் குத்தவில்லை என்று விளங்கிக்கொள்ளலாம்.

அவருடைய 1857ஆம் ஆண்டுப் படங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சிப்பாய்க் கிளர்ச்சி மே மாதம் மீரட்டில் தொடங்கி டெல்லிக்குப் பரவியது. ஓகஸ்ட் 22ஆம் திகதி பஞ்ச்சில், வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியும் குழந்தையும் தரையில் கிடக்க, அவர்கள் மேல் வங்காளப் புலி நிற்கிறது. பிரித்தானியச் சிங்கம் அதன் மேல் பாய்கிறது. பெண்களும் பிள்ளைகளும் டெல்லியில் கொல்லப்பட்டது நடந்த விசயம்தான். அதே காலத்தில், ஜூன் மாதம், நீல் என்ற படைத் தலைவர் வாரணாசியிலும் அலகாபாத்திலும் கண்டவர் நின்றவரையெல்லாம் தூக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அது இந்தப் படத்தில் இல்லை. புலி முதலில் கடித்தது, சிங்கம் பிறகு பாய்ந்தது என்ற வரிசை மட்டும் இருக்கிறது. மிருகமாக வரைந்துவிட்டால் இன்னொரு வசதியும் உண்டு. புலிக்குக் குறை கேட்கிற உரிமை இல்லை. ‘ஏன் கிளர்ந்தாய்?’ என்று யாரும் புலியைக் கேட்பதில்லை.

செப்டெம்பரில் வந்த அடுத்த படத்துக்கு ‘நீதி’ என்று பெயர். வாளோடு ஒரு தேவதை சிப்பாய்களை மிதித்துக்கொண்டு போகிறாள். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். என்னைக் கூடுதலாக யோசிக்க வைப்பது ஒக்டோபர் 24ஆம் திகதி வந்த படம். அதற்கு முன் ஜூலைக் கடைசியில் ஆளுநர் நாயகம் கானிங் ஒரு கட்டளை போட்டிருந்தார். கொலையில் தொடர்பில்லாத சிப்பாய்களைக் கண்டபடி தூக்கிலிட வேண்டாம், விசாரித்துச் செய்யுங்கள் என்பதே அதன் சாரம். பெரிய தயவு ஒன்றும் இல்லை, சாதாரண நிர்வாக புத்தி. அதற்குக் கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர் கொதித்தெழுந்தார்கள். பஞ்ச் அவரை, குறும்பு செய்த சின்னப் பிள்ளையின் தலையைத் தடவுகிற கிழவர் போல ஒரு சிப்பாயின் தலையைத் தடவவிட்டது. உன்னைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடமாட்டார்கள், ஆனால் நீ நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் என்று அவர் கொஞ்சுகிறாராம். பீரங்கி வாயில் மனிதரைக் கட்டிச் சுடுவது அந்த மாதங்களில் உண்மையிலேயே நடந்தது. அது சிரிப்புக்குள் ஒரு சொல்லாக வந்து போகிறது. ஆட்சியாளரை விமர்சிக்கும் படம் என்றால் அது மக்கள் பக்கம் நிற்கும் என்று எடுத்துக்கொள்வது நம்முடைய பழக்கம். இந்தப் படம் ஆட்சியாளரை விமர்சிக்கிறது, இன்னும் கூடுதலாகக் கொல்லவில்லையே என்பதற்காக.

நாடுகளைச் சாப்பாடாக வரைவது இன்னொரு வழி. ஜேம்ஸ் கில்ரே 1805 பெப்ரவரியில் வரைந்த படத்தில் பிரித்தானியப் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் ஒரே மேசையில் இருந்து, உருண்டையான புடிங் ஒன்றை வெட்டுகிறார்கள். புடிங்தான் உலகம். இதைப் பார்த்து நெப்போலியனின் குட்டை உருவத்தையும் பெரிய தொப்பியையும் ரசிப்பவர்கள் அதிகம். மட்டக்களப்பிலிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையையும் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையையும் பிடித்தார்கள். 1802இல் பிரான்ஸில் கையெழுத்தான அமியன் உடன்படிக்கையில் இலங்கையின் கரையோரம் முறைப்படி அவர்கள் கைக்குப் போனது. வாவியில் தோணி விட்டவருக்கும் படுவான்கரையில் வயல் செய்தவருக்கும் அமியன் எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. கில்ரே கேலி செய்தது மிகத் துல்லியமான உண்மையை. ஆனால் அவருடைய புடிங்குக்கும் வாய் இல்லை. 1898இல் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் சீனாவைக் கேக்காக வைத்து விக்டோரியாவும் ஜெர்மன் பேரரசரும் மற்றவர்களும் வெட்டுகிற படம் வந்தது. பின்னால் ஒரு சீன அதிகாரி கையைத் தூக்கிக் கத்துகிறார். அங்கேயாவது ஒருவர் கத்தினார்.

இதற்கெல்லாம் முந்திய காலத்துக்கு ஒரு நடை போய் வரலாம். ஏனென்றால் ஐரோப்பியர் நம்மை எப்போதுமே இப்படிக் குறைத்து வரையவில்லை. 1602இல் ஒல்லாந்து மாலுமி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் வந்து இறங்கி, இங்கிருந்து கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தார். அவருடைய பயணக் குறிப்பு 1605இல் அச்சானபோது அந்தச் சந்திப்பின் படமும் அதில் இருந்தது. மன்னனும் ஸ்பில்பேர்கனும் கைகோத்து நிற்கிறார்கள். மன்னன் கம்பீரமானவன், எந்த விதத்திலும் குறைந்தவன் இல்லை. அன்று ஒல்லாந்தருக்கு வேண்டியது போர்த்துக்கேயரைத் துரத்த ஒரு கூட்டாளியும் கறுவாவும். ஒல்லாந்தில் இந்த வியாபாரத்துக்குப் பணம் போட்டவர்களுக்கு, ‘நமக்கு ஒரு மதிப்பான அரசன் கிடைத்திருக்கிறான்’ என்று காட்ட வேண்டும். அதனால் மதிப்பாக வரைந்தார்கள். இதுவும் விளம்பரம்தான். தேவை வேறு, அதனால் உருவமும் வேறு.

முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1638 மே மாதம், ஒல்லாந்தர் இரண்டாம் இராசசிங்க மன்னனோடு சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். அந்த மாதமே இங்கே ஓர் ஒப்பந்தமும் ஆனது. பிடிக்கிற கோட்டைகளில் மன்னன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்துப் படை இருக்கும் என்ற வாசகம் பிரதிக்குப் பிரதி ஒத்துவரவில்லை என்ற தகராறு அதிலிருந்து பிறந்து நெடுங்காலம் இழுபட்டது. கைகோத்த படத்தை அப்புறம் யாரும் அவ்வளவாக எடுத்துக் காட்டவில்லை.

வகுப்பறையாக வரைவதுதான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமான வழி என்பது என் எண்ணம். 1898இல் ஸ்பெயினோடு போரிட்டு வென்ற அமெரிக்கா பிலிப்பைன்ஸ், புவேர்ட்டோ றிக்கோ, கியூபா என்று கைக்குள் கொண்டுவந்தது. ஹவாயையும் அதே ஆண்டு இணைத்துக்கொண்டது. ‘பிரித்தானிய அரசரிடமிருந்து விடுதலை பெற்ற நாமே இன்னொருவனை ஆளலாமா?’ என்று அமெரிக்கருக்குள்ளேயே பலர் கேட்டார்கள். அதற்கு ‘பக்’ சஞ்சிகையில் லூயிஸ் டால்றிம்பிள் 1899 ஜனவரி 25ஆம் திகதி பதில் வரைந்தார். நிறம் நிறமான கல்லச்சுப் படம். அமெரிக்காவுக்கு உருவமாக வரைகிற அங்கிள் சாம்தான் வாத்தியார், கையில் கம்பு. முன் வாங்கில் பிலிப்பைன்ஸ், ஹவாய், புவேர்ட்டோ றிக்கோ, கியூபா என்று பெயர் எழுதிய நான்கு கறுத்த பிள்ளைகள் முகத்தைச் சுழித்துக்கொண்டு இருக்கிறார்கள். பின்னால் கலிபோர்னியா, டெக்சாஸ் முதலான வெள்ளைப் பிள்ளைகள் ஒழுங்காகப் புத்தகம் படிக்கிறார்கள்.

ஓரங்களைப் பார்த்தால்தான் படம் முழுதாகப் பேசும். கறுப்பினத்தவர் ஒருவர் ஏணியில் நின்று யன்னல் துடைக்கிறார். வகுப்பில் அவருக்கு இருக்கை இல்லை. செவ்விந்தியர் ஒருவர் ஒதுக்குப்புறமாக இருந்து புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். சீனப் பிள்ளை வாசலில் நிற்கிறது, உள்ளே விடவில்லை. கரும்பலகையில், இங்கிலாந்து தன் குடியேற்றங்களைச் சம்மதம் கேட்காமலே ஆண்டது, அதனால் உலக நாகரிகம் முன்னேறியது, அமெரிக்காவும் அப்படியே செய்ய வேண்டும் என்ற பொருளில் பாடம் எழுதியிருக்கிறது. படம் வந்து இரண்டு கிழமைக்குள், பெப்ரவரி 4ஆம் திகதி, மணிலாவில் துவக்குச் சூடு தொடங்கிவிட்டது. முன் வாங்கிலிருந்த பிலிப்பைன்ஸ் ஏற்கெனவே தன்னைக் குடியரசாக அறிவித்திருந்தது. அந்தப் போரில் மாண்ட பிலிப்பினோக்கள் இலட்சக்கணக்கில்.

கரும்பலகையில் உதாரணமாகக் காட்டப்பட்ட இங்கிலாந்தின் குடியேற்றங்களில் நாமும் ஒன்று. 1899இல் இலங்கைச் சட்டநிரூபண சபையில் தேர்தலால் வந்தவர் ஒருவரும் இல்லை. தமிழருக்கு ஒருவர், முஸ்லிம்களுக்கு ஒருவர் என்று ஆளுநர் நியமித்தவர்களே இருந்தார்கள். ‘படித்த இலங்கையர்’ என்று ஒரே ஓர் ஆசனத்துக்கு 1911இல் தேர்தல் நடந்து பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். மட்டக்களப்பில் நிலம் வைத்திருந்த போடியாரும் அவருடைய வயல்காரரும் சமமாக வாக்குப் போட 1931 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. ‘தகுதி வரும்வரை படி’ என்ற பாடம் எவ்வளவு நீண்டது என்பதற்கு இது ஒரு கணக்கு.

ஆனால் இந்தப் பள்ளிக்கூடப் படத்தை மட்டக்களப்பார் வெறுமனே சிரித்துத் தள்ள முடியாது. வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்தப் பாதிரியார் 1814இல் இங்கே வந்து, ஒரு வருசம்கூட ஆகுமுன் நோயில் இறந்துபோனார். அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் கல்முனை மெதடிஸ்தப் பள்ளியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். அந்தப் படிப்பு பொய்யில்லை. நம் பாட்டன் பூட்டன் பலருக்குக் கச்சேரி உத்தியோகமும் அதனால்தான் வந்தது. டால்றிம்பிளின் பொய் வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளி நடந்தது, ஆனால் பள்ளிக்காக நாட்டைப் பிடிக்கவில்லை. கறுவாவுக்கும், பிறகு கோப்பிக்கும் தேயிலைக்கும், திருகோணமலைத் துறைமுகத்துக்கும்தான் பிடித்தார்கள். படத்தில் தோட்டமும் இல்லை, துறைமுகமும் இல்லை, கம்பும் கரும்பலகையும் மட்டும்தான்.

அதே 1899இல் பியர்ஸ் சவர்க்கார விளம்பரம் ஒன்று வந்தது. வெள்ளைச் சீருடைக் கடற்படைத் தளபதி கை கழுவுகிறார். சுத்தத்தைக் கற்பிப்பதே வெள்ளையரின் சுமையைக் குறைக்கும் முதல் படி என்று கீழே எழுதியிருக்கிறது. கேலிச்சித்திரத்துக்கும் சவர்க்காரக் கடைக்கும் இடையே வேலியே இல்லை.

இது வெள்ளைக்காரரின் வித்தை மட்டும் என்று நினைத்தால் ஜப்பானியர் நம் நினைப்பைத் திருத்துவார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அங்கிருந்து தெற்கே ஒதுங்கி வந்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கப்பல் இன்னும் கடலடியில் கிடக்கிறது. சுழியோடிகள் போய்ப் பார்த்து வருகிறார்கள். அந்த ஆண்டுகளில் ஜப்பானிய ஓவியர்கள் சேர்ச்சிலையும் ரூஸ்வெல்ட்டையும் கொம்பு வைத்த அரக்கராக வரைந்தார்கள். ‘ஆசியா ஆசியருக்கே’ என்று இந்தியச் சிப்பாய்களுக்குப் படத்தோடு துண்டுப்பிரசுரம் வீசினார்கள். வெள்ளையரின் சுரண்டலைப் பற்றி அவர்கள் வரைந்ததில் பாதி உண்மை. அதனால்தான் அது எடுபட்டது.

பிறகு 1945இல் ஜப்பானியக் கடற்படையின் பணத்தில் ‘மொமொத்தாரோ’ என்ற முழுநீள அசைவோவியப் படம் வந்தது. நாட்டார் கதையில் வருகிற வீரச் சிறுவன் அதில் படைத் தலைவன். தெற்கத்தித் தீவொன்றை வெள்ளையரிடமிருந்து மீட்கிறான். அதற்கு முன்னால் ஒரு காட்சி வருகிறது. தீவின் காட்டு மிருகங்கள் வரிசையாக அமர்ந்திருக்க, ஜப்பானியப் படைவீரர் அவற்றுக்கு ஜப்பானிய அரிச்சுவடியைப் பாட்டாகச் சொல்லிக்கொடுக்கிறார். வாத்தியார் மாறிவிட்டார், வகுப்பறை மாறவில்லை. 1899இல் பிள்ளைகளாகவாவது வரைந்தார்கள், இங்கே மிருகங்கள். அந்தப் படம் திரைக்கு வந்த நேரத்தில் பிலிப்பைன்ஸ், ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் பிறகு, ஜப்பானியப் பேரரசின் கீழும் மூன்று ஆண்டுகளைக் கழித்திருந்தது.

ஆளப்பட்டவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்களா? இல்லை. 1877இல் இலக்னோவில் ‘அவத் பஞ்ச்’ என்ற உருதுச் சஞ்சிகை தொடங்கியது. பெயரையும் பாணியையும் லண்டனிலிருந்து எடுத்து, அம்பைத் திருப்பிவிட்டது. தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தைப் பத்திரிகைக்குள் கொண்டுவந்த பெருமை பாரதியாருக்கு உண்டு. 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழின் முகப்பில் அவை வந்தன. அரசு நெருக்க, இதழ் 1908இல் புதுச்சேரிக்குப் போனது, 1910இல் நின்றது. இலங்கையில் கதை கொஞ்சம் கோணலாகத் தொடங்கியது. 1870ஐ ஒட்டிக் கொழும்பில் ஆங்கிலத்தில் வந்த நகைச்சுவை இதழுக்குப் பெயர் ‘முனியாண்டி’. நடத்தியவர் ஜோன் கப்பர், படம் போட்டவர் பறங்கியரான வான் டோர்ட். துரைமாரின் பகிடிக்குத் தோட்டத்துக் கூலிகளின் சாமி பெயர்! தமிழில் நமக்கென்று ஒரு நகைச்சுவை இதழ் நின்று நிலைக்க 1960களில் சுந்தரின் ‘சிரித்திரன்’ வரை பொறுக்க வேண்டியிருந்தது.

ஆனால் அச்சுக்கு வெளியிலும் கேலி இருந்தது. மட்டக்களப்பு மகிடிக் கூத்தில் மந்திரவாதிகளின் போட்டிக்கு நடுவே வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் வேடம் கட்டி வருவதுண்டு. முகத்தில் வெள்ளைப் பூச்சு, தலையில் தொப்பி, கையில் பிரம்பு, வாயில் ஒருவருக்கும் விளங்காத இங்கிலீசு. சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பஞ்ச்சின் சிங்கம் போல அது கப்பல் ஏறிப் போகவில்லை. யாருடைய சம்மதத்தையும் யாருக்கும் வாங்கிக் கொடுக்கவும் இல்லை. ஊரவர் ஊரவருக்கே போட்டுக் காட்டிய படம் அது.

பஞ்ச்சின் பழைய தொகுதிகளை இன்று இணையத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். மகிடித் துரையை அப்படிப் புரட்ட முடியாது. அதனால்தான் நம் பிள்ளைகளின் வகுப்பிலும் றோட்ஸ் முதலில் வந்து நிற்கிறார். கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கூத்தும் படிக்கிறார்கள், ஓவியமும் படிக்கிறார்கள். டால்றிம்பிளின் வாத்தியாரையும் மகிடியின் துரையையும் ஒரே மேசையில் வைத்து ஒரு பாடம் நடத்த அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.